அந்தப் பக்கத் திரை

வந்தவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை ஒற்றிக்கொண்டு, "தண்ணி இருக்காம்மா?" என்று கேட்டு, வாங்கிக் குடித்து முடிக்கும் வரை ஆதிலட்சுமி எதையும் காட்ட மாட்டாள். வலது கை மட்டும் மவுஸின் மேல் ஓடிக்கொண்டிருக்கும். வலது பக்கக் கம்ப்யூட்டர் திரையில் திறந்து கிடக்கும் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தலையைப் பிடித்து இடது பக்கம் இழுத்து வருவாள். நிறங்கள் உள்ள பெட்டி வரும், தூரிகைகள் உள்ள பெட்டி வரும், பாதி வெட்டிப் பாதி ஒட்டிய முகங்கள் வரும். எல்லாம் அவள் பக்கத்துத் திரைக்கு வந்து அடைந்த பிறகு, வலது பக்கத் திரையில் ஆல்பத்தின் ஒரே ஒரு பக்கம் குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டு நிற்கும். அப்போதுதான் அந்தத் திரையின் கழுத்தைப் பிடித்து அவர்கள் பக்கம் லேசாகத் திருப்பி, "இப்பப் பாருங்க" என்பாள்.

திருவண்ணாமலை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு பாத்திரக்கடையின் மாடியில் இருக்கிறது ராமதாஸின் ஸ்டுடியோ. கல்யாணங்களுக்குப் போய்ப் படம் எடுப்பவர் ராமதாஸ். எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, சீர் செய்து, ஆல்பமாக அடுக்கித் தருபவள் ஆதிலட்சுமி. நாற்பதை நெருங்குகிற வயது. நெற்றியில் விபூதி, காதில் பென்சில். கம்ப்யூட்டரில் வேலை செய்பவளுக்குப் பென்சில் எதற்கு என்று கேட்டால், "காது சும்மாத்தான இருக்குது" என்பாள்.

அவள் மேசையில் இரண்டு மானிட்டர்கள். இடது பக்கம் இருப்பது பழைய டியூப் மானிட்டர். பின்பக்கம் பெருத்து, மேசையில் பாதியை அடைத்துக்கொண்டு, மத்தியானத்தில் கை வைத்தால் சுடும். அது அவளுடையது. வலது பக்கம் இருப்பது தட்டையானது, புதிது, வாடிக்கையாளர்களுக்கானது. கம்ப்யூட்டர் ஒன்றுதான். இடது திரையின் வலது ஓரத்தில் ஒரு பெட்டியைத் தள்ளினால் அது வலது திரையின் இடது ஓரத்தில் எட்டிப் பார்க்கும். இந்த வித்தையைப் பார்க்கிற பெரியவர்கள், "வூடு விட்டு வூடு போவுதே" என்று வாயைப் பிளப்பார்கள்.

"மூஞ்சி அந்தப் பக்கம், மூட்ட இந்தப் பக்கம்" என்பது அவளுடைய சட்டம். வந்தவர்கள் பார்க்க வேண்டியது முடிந்த முகம். அந்த முகத்தை முடிக்க எத்தனை மூட்டையை அவிழ்த்தோம் என்பது அவர்களுக்கு வேண்டாத சங்கதி. மேசையைச் சுற்றி அவள் பக்கம் வர யாருக்கும் அனுமதி இல்லை. ராமதாஸே வந்து நின்றாலும், "இன்னா வோணும், அங்கிருந்தே சொல்லுங்க" என்று விடுவாள். சம்பளம் கொடுப்பவர் தான்தானா என்று அவருக்கே சில சமயம் சந்தேகம் வந்துவிடும்.

இந்தச் சட்டம் ஒரு மூக்கினால் வந்தது. ஸ்டுடியோவில் ஒரே ஒரு மானிட்டர் இருந்த காலம் அது. இரண்டாயிரத்து நாலு அல்லது ஐந்தாக இருக்கலாம். மாப்பிள்ளை ஒருவரின் மூக்கின்மேல் இருந்த பருவை எடுப்பதற்காக, மூக்கைத் திரை கொள்ளாத அளவுக்குப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தாள். சொல்லாமல் கொள்ளாமல் மாடி ஏறி வந்தாள் மாப்பிள்ளையின் அத்தை. திரை முழுக்க மூக்கு. மூக்கின் உச்சியில் பரு. "எங்க புள்ள மூக்கு இப்டியா பலாப்பழமாட்டம் இருக்குது? வேணும்னே பெருசு பண்ணிக்கீறியா?" என்று அத்தை போட்ட சத்தத்தில் கீழே பாத்திரக்கடையில் வியாபாரம் நின்றுபோனது. பெட்டியைச் சுருக்கி மறைக்க ஆதிலட்சுமி பட்ட அவசரத்தில் மூக்கு இன்னும் இரண்டு மடங்கு பெரிதாகிவிட்டது. அன்று சாயங்காலமே அவள் ராமதாஸிடம் இன்னொரு மானிட்டர் கேட்டாள்.

"ஒரு ஒடம்புக்கு ரெண்டு தலையா?" என்றார் அவர்.

"மறைக்கறதே வேலையாப் பூடுச்சுங்க. வேல எப்ப செய்யறது?"

அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாததால் மானிட்டர் வந்தது. வந்த புதிதில் வேறு தொல்லைகள். ஒரே புடவை இரண்டு திரையிலும் இரண்டு நிறம் காட்டியது. டியூப்பில் குங்குமச் சிவப்பு, தட்டையில் தக்காளிச் சிவப்பு. புடவையை வாங்கியவளே எதிரில் உட்கார்ந்து, "இது எம்பொடவையே இல்ல" என்று சாதித்தாள். ஆதிலட்சுமி இரண்டு வாரம் போராடி இரண்டையும் ஓரளவு சமாதானம் செய்து வைத்தாள். இன்னும் பச்சை மட்டும் வழிக்கு வரவில்லை. பச்சைப் புடவை என்றால், "அச்சுல சரியா வரும், என்ன நம்புங்க" என்று வாயால்தான் சரிக்கட்ட வேண்டியிருக்கிறது.

ஒரு நாள் கம்ப்யூட்டர் உறைந்துபோய்விட்டது. அம்பு நகர்கிறது, எந்தப் பொத்தானை அழுத்தினாலும் வேலை நடக்கவில்லை. வேங்கிக்காலிலிருந்து ரிப்பேர்க்காரர் வந்து, உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிட்டு மறுபடி ஏற்ற வேண்டும் என்று சட்டைக் கையை மடித்தார். தற்செயலாக அவர் முழங்கை பட்டு, அணைந்து கிடந்த வலது திரை எரிந்தது. அதன் நட்டநடுவில் ஒரு சின்னப் பெட்டி, 'சேமிக்கவா, வேண்டாமா?' என்று கேட்டுக்கொண்டு காலையிலிருந்து நின்றிருக்கிறது. ரிப்பேர்க்காரர் காபி மட்டும் குடித்துவிட்டுப் போனார். அதிலிருந்து கம்ப்யூட்டர் எப்போது முரண்டு பிடித்தாலும் ஆதிலட்சுமி முதலில் வலது திரையைத்தான் எட்டிப் பார்ப்பாள். "அந்தப் பக்கம் யாராவது பதில் கேட்டுக்கினு நின்னுக்கினு இருப்பாங்க" என்பாள்.

வீட்டிலும் இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. அடி அண்ணாமலையில் அவளுடைய சமையல்கட்டில் கழுவாத பாத்திரம் எல்லாம் இடது பக்கம், யாராவது எட்டிப் பார்த்தால் தெரிகிற வலது பக்கம் துடைத்த மேடை. ஷேர் ஆட்டோ ஓட்டும் அவள் கணவர் மூர்த்தி, குடித்த டம்ளரை ஒரு நாள் வலது பக்கம் வைத்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். "வூட்லயும் ரெண்டு ஸ்கிரீனா?" என்று அலுத்துக்கொண்டாலும், அன்றிலிருந்து டம்ளரை இடது பக்கம்தான் வைக்கிறார்.

அவள் பக்கத்துத் திரையில் என்னவெல்லாம் கிடக்கிறது என்று தெரிந்தால் ஊரில் பல வீடுகளில் சண்டை வந்துவிடும். இரவல் நகையில் இருந்த பெயர்ச்சீட்டை அவள்தான் எடுத்தாள். கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்பு செத்துப்போன மாமனாரை வேறொரு படத்திலிருந்து தூக்கிவந்து மணவறைக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். பங்காளித் தகராறில் ஒரு சித்தப்பாவை வெளியே அனுப்பினாள். தகராறு தீர்ந்ததும் அதே சித்தப்பாவை மறுபடி உள்ளே கொண்டுவந்தாள். யாருக்கு யாரைப் பிடிக்காது என்பது அவளுக்கு அத்துப்படி. ஆனால் கேட்டதைச் செய்வாள், கேட்காததைப் பேச மாட்டாள். மூர்த்தியிடம்கூட ஒரு வார்த்தை விட்டதில்லை.

போன ஆவணியில் செங்கம் பக்கத்துக் கிராமத்து அப்பாதுரை தன் இளைய மகள் சிந்துஜாவுக்குக் கல்யாணம் செய்தார். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற விவசாயி. பேச்சு கம்மி, பிடிவாதம் ஜாஸ்தி. படங்களைத் தேர்ந்தெடுக்க ஸ்டுடியோவுக்கு வந்தவர், பெண் வீட்டார் எல்லாரும் மேடையில் நிற்கிற குடும்பப் படம் வந்ததும் விரலை நீட்டினார்.

"அந்த ஓரத்துல பச்சப்பொடவ ஒன்னு நிக்குது பாரு. அத எடுத்துடு."

"யாருங்க அது?"

"யாரா இருந்தா இன்னா? எடுத்துடுன்னா எடுத்துடு. ஆல்பத்துல எந்தப் பக்கத்துலயும் வரக்கூடாது."

ராமதாஸ் பிறகு சொல்லித்தான் தெரிந்தது. அது மூத்த மகள் எழில். இரண்டு வருடத்துக்கு முன்பு தன் இஷ்டத்துக்கு ஒருவரைக் கட்டிக்கொண்டு போனவள். அன்றோடு அந்த வீட்டில் அவள் பேர் நின்றுபோனது. தங்கை கல்யாணத்துக்கு யாரும் கூப்பிடாமலே வந்து, சிந்துஜாவுக்குத் தலை அலங்காரம் செய்துவிட்டு, மண்டபத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். ராமதாஸ் தன் வழக்கப்படி மைக்கில், "பொண்ணு வூட்டுக்காரங்க எல்லாம் மேடைக்கு வாங்க" என்று கூப்பிட்டிருக்கிறார். எழிலும் எழுந்து வந்து ஓரமாக நின்றுவிட்டாள். அத்தனை ஜனத்தின் முன்னால் அப்பாதுரை ஒன்றும் சொல்லவில்லை. ஆல்பத்தில் சொல்லிவிட்டார்.

ஆதிலட்சுமி எடுத்தாள். "ஆள எடுக்கறது லேசு. கைய எடுக்கறதுதான் பாடு" என்பது அவள் அனுபவம். எழில் நின்ற இடத்தில் மேடையின் சிவப்புத் துணியை இழுத்து நிரப்பியாயிற்று. ஆனால் அவள் தங்கையின் தோளில் கை போட்டிருந்தாள். ஆள் போன பிறகும் நான்கு விரல்கள் பட்டுப்புடவையின் மேல் தனியாக இருந்தன. ஒவ்வொரு விரலுக்கும் அடியில் மறைந்திருந்த ஜரிகையைப் புள்ளி புள்ளியாக வரைந்து மூட ஒரு பகல் முழுக்க ஆனது. நல்ல வேலை. உற்றுப் பார்த்தாலும் தெரியாது. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது ஆதிலட்சுமிக்கு மனசு சரியில்லை.

அடுத்த வாரம் அப்பாதுரையின் மனைவி சந்திரம்மாள் தனியாக மாடி ஏறி வந்தாள். கோயிலுக்கு வந்ததாகச் சொன்னாள். கையில் அர்ச்சனைப் பை இருந்தது. ஆல்பம் எப்போது கிடைக்கும் என்று கேட்டாள். சொன்ன பிறகும் போகாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

"எம்மா, அந்தப் பச்சப்பொடவ... அத ஒரேடியா அழிச்சிட்டியா?"

"ஆல்பத்துலதாம்மா எடுத்தேன். கேமராவுல எடுத்த படம் அப்டியே இருக்குது."

"அவ மொகம் வர்ற மாதிரி ஒன்னே ஒன்னு போட்டுக் குடும்மா. ஆல்பத்துல வாணாம். தனியா. சாமி படத்துக்குப் பின்னால சொருகி வெச்சிக்கறேன். அவருக்குத் தெரிஞ்சா வூடு ரெண்டாயிடும்."

எடுத்துவிடச் சொன்ன குடும்பப் படத்தை விட்டுவிட்டு, ஆதிலட்சுமி மற்ற எல்லாப் படங்களையும் தேடினாள். மணப்பெண் அறையில் எடுத்த ஒரு படம் கிடைத்தது. சிந்துஜா கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். பின்னால் நின்று எழில் அவள் ஜடையில் பூ வைத்துக்கொண்டிருக்கிறாள். சந்திரம்மாள் அது போதும் என்றாள். ஆதிலட்சுமி தன் பக்கத்துத் திரையின் மூலையில் அந்தப் படத்தை ஒரு பெட்டியில் வைத்துக்கொண்டு, ஓய்ந்த நேரங்களில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்து வந்தாள். யாராவது எதிரில் வந்து உட்கார்ந்தாலும் பயமில்லை. அந்தப் பெட்டி இருந்தது அவள் பக்கம்.

அந்த ஆல்ப மென்பொருளிடம் அவளுக்கு மிகவும் பிடித்த குணம் ஒன்று உண்டு. எந்தப் பெட்டியை எங்கே விட்டுவிட்டு அணைத்தாளோ, மறுநாள் அதே பெட்டிகள் அதே இடத்தில் திறக்கும். கம்ப்யூட்டரின் ஸ்விட்சைப் போட்டால் போதும், மென்பொருளும் தானே எழுந்துகொள்ளும். "விட்ட எடத்துல வந்து நிக்கும். மனுசங்களுக்கே அந்த ஞாபகம் கெடையாது" என்று மெச்சிக்கொள்வாள்.

இப்படி இருக்கும்போது ஆயுத பூஜை வந்தது. ராமதாஸுக்கு அது பெரிய நாள். கேமராக்களும் லைட்டுகளும் வரிசையாக வாழையிலையில் ஏறிவிடும். கம்ப்யூட்டர் மேசை முழுக்க ஆதிலட்சுமியின் பொறுப்பு. வேறு யாரும் தொடக்கூடாது. இரண்டு மானிட்டர்களின் வயர்களையும் கழற்றினாள். ஒரு வருடத்துத் தூசியை ஈரத்துணியால் துடைத்தாள். இரண்டுக்கும் சந்தனம் தீற்றிக் குங்குமம் வைத்தாள். டியூப் மானிட்டருக்குத் தலை பெரிது என்பதால் இரண்டு முழம் கதம்பம், தட்டைக்கு ஒரு முழம். பூ தெரியட்டும் என்று தட்டையை வருகிறவர்கள் பக்கம் லேசாகத் திருப்பி வைத்தாள். வாசலில் ராமதாஸ் பூசணிக்காயோடு நின்றுகொண்டு, "கற்பூரம் ஏத்தியாச்சு, வரியா இல்லியா?" என்று கத்தினார். ஆதிலட்சுமி மேசைக்கடியில் குனிந்து இரண்டு வயர்களையும் அவசரமாகச் சொருகித் திருகிவிட்டு ஓடினாள். இரண்டு வயருக்கும் நீலத் தலை. எந்தத் துளையில் எதைச் சொருகினாலும் பொருந்தும். அவள் இரண்டையும் மாற்றிச் சொருகியிருந்தாள்.

வேறு நாளாக இருந்தால் அடுத்த நிமிடமே தெரிந்திருக்கும். ஆயுத பூஜைக்குப் படைத்த பொருளை அன்றைக்கு எடுத்து வேலை செய்யக்கூடாது என்பது அங்கே கண்டிப்பு. மறுநாள் விஜயதசமிக்குச் சூடம் காட்டிய பிறகுதான் ஸ்விட்ச் போட வேண்டும். எனவே அந்தத் தப்பும் சந்தனப் பொட்டோடு இரவு முழுக்க அமைதியாகக் காத்திருந்தது.

மறுநாள் காலை, சூடம் காட்டிய கையோடு அப்பாதுரையும் சந்திரம்மாளும் வந்துவிட்டார்கள். நல்ல நாள், ஆல்பத்தை ஒரு முறை பார்த்துவிட்டால் அச்சுக்குக் கொடுத்துவிடலாம் என்றார் அப்பாதுரை. தலை தீபாவளிக்கு மகளும் மருமகனும் வரும்போது ஆல்பம் வீட்டில் இருக்க வேண்டும். ஆதிலட்சுமி ஸ்விட்சைப் போட்டாள். கம்ப்யூட்டர் எழுவதற்குள் பூஜைப் பொரியைக் கொடுத்துவிடலாம் என்று உள்ளறைக்குப் போனாள். பொரியும் கடலையும் வெல்லமும் போட்டு இரண்டு பொட்டலம் மடித்தாள்.

பொட்டலங்களோடு வெளியே வந்தாள். சந்திரம்மாள் பார்வையைத் தரையில் வைத்திருந்தாள். அப்பாதுரை வலது பக்கத் திரையைப் பார்த்தபடி ஆடாமல் உட்கார்ந்திருந்தார். ஆதிலட்சுமி அவர் கண் போன வழியே பார்த்தாள். வலது திரையில் சிந்துஜா கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தாள். பின்னால் பச்சைப் புடவையில் எழில் பூ வைத்துக்கொண்டிருந்தாள்.

பொட்டலங்களைச் சந்திரம்மாளின் மடியில் போட்டுவிட்டு ஆதிலட்சுமி நாற்காலியில் விழுந்தாள். மவுஸைப் பிடித்தாள். பெட்டியின் தலையைப் பிடித்து, எப்போதும்போல இடது பக்கம் இழுத்தாள். அது இடது ஓரம் வரை வந்து முட்டிக்கொண்டு நின்றது. அவள் பக்கத்துக்கு வரவில்லை. மறுபடி இழுத்தாள். மறுபடி முட்டியது. தன் திரையைப் பார்த்தாள். அங்கே, அவர்களுக்குக் காட்டவேண்டிய ஆல்பப் பக்கம், எழில் இல்லாத குடும்பப் படத்தோடு, சாவகாசமாக நின்றுகொண்டிருந்தது. நீலத் தலை வயர்கள் அவள் நினைவுக்கு வந்தன; இரண்டு திரைகளும் இடம் மாறியிருந்தன. இழுக்க வேண்டாம், மூடிவிடலாம் என்று அம்பை மூலைக்குக் கொண்டுபோனாள்.

"இரு" என்றார் அப்பாதுரை.

கை நின்றது.

"இது இன்னாது?"

"பொண்ணு ரூம்ல எடுத்ததுங்க. மொகூர்த்தத்துக்கு முன்னாடி."

"நான் எடுத்துடச் சொன்னேன் இல்ல?"

"ஆல்பத்துல எடுத்துட்டேங்க. ஒரு பக்கத்துலயும் இல்ல."

"அப்ப இது யாருக்கு?"

இத்தனை வருடத்தில் இப்படிப்பட்ட கேள்வியை அவள் சந்தித்ததில்லை. உண்மையைச் சொன்னால் எதிரில் இருக்கிற பெண்ணின் வீடு இரண்டாகிவிடும். சொல்லாவிட்டால் பழி தன் தலையில். ராமதாஸிடம் போவார், ஆல்பமே வேண்டாம் என்பார், ஊரெல்லாம் சொல்லுவார். பரவாயில்லை என்று தோன்றியது.

"யாருக்கும் இல்லீங்க. பொடவக் கலர் ஒத்துப்போவுதான்னு பாக்க நானா வெச்சிருந்தேன். தப்புத்தான். இப்பவே அழிச்சிடறேன்."

அப்பாதுரை அவளைத் திரும்பிப் பார்த்தார். நம்பினாரா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை.

"அந்தப் பொண்ண இன்னாத்துக்கு மெரட்டறீங்க?" என்றாள் சந்திரம்மாள். குரல் மெல்ல ஆரம்பித்து, போகப்போக உரத்தது. "எனக்குத்தான். நாந்தான் கேட்டேன். ரெண்டு வருசமா வூட்ல அவ பேர எடுக்க முடியல. போட்டோவுல வெச்சிக்கினாகூடவா ஒங்களுக்குக் கொறஞ்சிடும்?"

கீழே பாத்திரக்கடையில் யாரோ அண்டாவைத் தட்டிப் பார்த்தார்கள். அப்பாதுரை எழுந்துவிடுவார் என்று ஆதிலட்சுமி எதிர்பார்த்தாள். அவர் சட்டைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்தார். துண்டு நுனியால் ஒரு கண்ணாடியைத் துடைத்தார். இன்னொன்றைத் துடைத்தார். மாட்டிக்கொண்டு நாற்காலியோடு முன்னால் நகர்ந்தார். திரையிலிருந்து வரும் வெளிச்சம் அவர் முகத்தில் விழுகிற அளவுக்குக் கிட்டத்தில் போனார்.

வெகுநேரம் பார்த்தார். சந்திரம்மாள் மடியில் பொட்டலம் பிரிந்து பொரி சிந்திக்கொண்டிருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

"குனிஞ்சிக்கினு இருக்கா" என்றார் அப்பாதுரை. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. "கண்ணே தெரியல. மொகம் நிமிந்தது ஒன்னும் இல்லியா?"

எழில் நிமிர்ந்து பார்க்கிற படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ராமதாஸ் கூப்பிட்டு மேடையேறிய குடும்பப் படம். ஆதிலட்சுமி அசல் படத்தைத் தேடித் திறந்தாள். அது அவள் பக்கத்துத் திரையில், டியூப் மானிட்டரில் வந்து நின்றது. அவர் பக்கம் அனுப்ப வேண்டும். வலது பக்கம் போகவேண்டிய படத்தை இன்றைக்கு இடது பக்கமாகத் தள்ள வேண்டும் என்று கைக்குச் சொல்லிக்கொண்டாள். தள்ளினாள். படம் அவள் திரையின் இடது ஓரத்தில் மறைந்து, அவர் திரையின் வலது ஓரத்திலிருந்து உள்ளே வந்தது. பட்டுப்புடவையில் சிந்துஜா, அவள் தோளில் கை போட்டுக்கொண்டு, கேமராவைப் பார்த்துப் பாதி சிரித்தபடி எழில்.

அவள் அதோடு நிற்கவில்லை. தன் பக்கம் மிச்சமிருந்த ஆல்பப் பக்கத்தை, சிவப்புத் துணியால் நிரப்பி முடித்த அதே குடும்பப் படத்தை, அதே வழியில் தள்ளி அனுப்பினாள். பூ வைக்கிற படத்தைக் கீழே இறக்கினாள். ஒரு மகள் இருக்கிற படத்தையும் இரண்டு மகள்கள் இருக்கிற படத்தையும் அவர் முன்னால் ஒரே அளவில், தலைக்குத் தலை சரியாக, பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாள். பிறகு மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.